உன் கல்யாண விஸ்கி இப்போது யாருடையது

அன்பு மகள் ஹதாஸாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவன் புண்ணியத்தில் நானும் உன் அப்பாவும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், என் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முனகுகிறது, அது பழைய கதை. நீயும் கிடியனும் கடல் தாண்டி அந்த வெலிங்டன் காற்றில் பறந்து போய்விடாமல் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். ஃபோனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். ஃபோனில் நான் பேசும்போது நீ வெங்காயம் நறுக்குகிறாய், ம் ம் என்கிறாய், நான் சொல்வதில் பாதி சட்டியோடு போய்விடுகிறது. கடிதத்தை வெங்காயம் நறுக்கிக்கொண்டு படிக்க முடியாது, உட்கார்ந்துதான் படிக்க வேண்டும், உட்கார். இன்னொன்றும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் கல்யாணத்தை எங்கே வைப்பது என்பதைப் பற்றி வாயே திறக்க மாட்டேன் என்று உனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அங்கேயே பதிவு அலுவலகத்தில் இரண்டு சிநேகிதர்களைச் சாட்சியாக வைத்து முடித்துக்கொள்கிறோம் என்று நீ சொன்னபோது சரி என்றேன், இப்போதும் சரிதான். இந்தக் கடிதம் அதைப் பற்றியது அல்ல. உன் அப்பாவின் விஸ்கியைப் பற்றியது.

அதற்கு முன்னால் ஊர்ச் செய்தி கொஞ்சம். பாஸ்கா பண்டிகை நல்லபடியாக முடிந்தது, புளிப்பில்லா அப்பத்தின் துகள் இன்னும் சோஃபா இடுக்கிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது. யூத மாணவர் இல்லத்துச் சமையலறையில் இந்தத் தவக்காலம் முழுக்கவும் வெள்ளிக்கிழமை ராத்திரி மீன்தான் போட்டேன், கோழி போட்டால், அன்று இறைச்சி தொடாத கத்தோலிக்கப் பிள்ளைகள் பாவம் வாசனை பிடித்துக்கொண்டு நிற்கின்றன, சாப்பிட முடிவதில்லை. விஷயம் எப்படியோ பரவி, நம் ஓய்வுநாள் சாப்பாட்டுக்கு இந்தக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் பாதிப் பேர் வரிசையில் நிற்க ஆரம்பித்துவிட்டார்கள், நம் பிள்ளைகளுக்கே உட்கார இடமில்லை. அப்பாவின் வகுப்பிலும் அதே கதைதான், யூதப் படிப்பு என்று பேர், உட்கார்ந்திருப்பது முக்கால்வாசி ஞானஸ்நானம் வாங்கினவர்கள். போன மாதம் வகுப்பறைக்கு வெள்ளையடித்தவர்கள் சுவரிலிருந்த இயேசு சிலுவையைக் கழற்றிவிட்டு மறுபடி மாட்டாமல் போய்விட்டார்கள். மாட்டச் சொல்லி யார் போய் முறையிட்டது தெரியுமா, உங்கப்பாதான். துறவியர் இல்லத் தலைவர் ஃபாதர் கஸிமிரிடமே போய், இத்தனை வருஷத்துல என் கிளாசுக்கு ஒருநாள்கூட மட்டம் போடாம வந்த ஒரே யூதப் பிள்ளை அவர்தான், அவரையும் தூக்கிட்டீங்களே என்றாராம். ஃபாதர் கஸிமிர் சிரிக்கவில்லை. அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. இருபது வருஷம் வேதியியல் நடத்தியவர், இப்போது தாழ்வாரத்தில் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே போவதுதான் அவருக்கிருக்கும் ஒரே பொழுதுபோக்கு. ஆனால் மறுநாள் காலையில் சிலுவை மாட்டியிருந்தது.

இப்போது விஸ்கிக்கு வருகிறேன். நீ பிறந்த வாரம், உன்னை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவருவதற்கு முன்னால், டயப்பர் வாங்கப் போன மனுஷன் டயப்பர் இல்லாமல் ஒரு விஸ்கி பாட்டிலோடு வந்து நின்றாரே, அதே பாட்டில்தான். பொண்ணு கல்யாணத்துல என் கையால திறப்பேன் என்றார். முதல்ல பொண்ணுக்கு டயப்பர் மாத்துங்க என்றேன். அன்றிலிருந்து அதை யாரும் தொட்டதில்லை, உன் மாமா சாமுவேல் ஒருமுறை மூடியைத் தடவினதற்கே ஒரு வருஷம் பேச்சு இல்லை. தானியத்தில் காய்ச்சியது, அதுவும் புளிப்புக் கணக்கு, பண்டிகையில் நம் சொத்தாக இருக்கக்கூடாது என்பதால் பாஸ்கா வரும்போதெல்லாம் அதுவும் மாவு, பிஸ்கட், நூடுல்ஸோடு சேர்ந்து அந்த மூலை அலமாரிக்குள் போய்விடும், அலமாரியைப் பூட்டி, உள்ளிருப்பதையெல்லாம் யூதரல்லாத ஒருவருக்கு விற்றுவிட்டு, எட்டு நாள் கழித்துத் திரும்ப வாங்கிக்கொள்வோம். இந்த ஊருக்கு வந்ததிலிருந்து அதை வாங்குகிறவர் சங்கீதங்கள் பாடம் எடுக்கும் நம் ஃபாதர் ஃபிண்டன். உனக்குத்தான் தெரியுமே, அவருக்கு வருஷத்தில் கிறிஸ்துமஸுக்கு அடுத்த சந்தோஷம் அதுதான். நம் சமையலறையில் நின்று முன்பணமாக ஒரு காசு கொடுப்பார், விற்பனை முடிந்ததற்கு அடையாளமாக உங்கப்பா நீட்டும் கைக்குட்டையின் நுனியைப் பிடித்துத் தூக்குவார், சாவியைக் கழுத்தில் சிலுவை தொங்குகிற கயிற்றிலேயே முடிந்துகொள்வார். பண்டிகை நடுவில் ஃபோன் பண்ணி, ஜூடித், என் நூடுல்ஸெல்லாம் சௌக்கியமா, என் பிஸ்கட்டை எலி பாக்குதா என்று விசாரிப்பார். ஒரு வருஷம் பின்வாசல் படியில் உட்கார்ந்து தன் சொந்த பிஸ்கட்டில் மூன்றைத் தின்றுவிட்டும் போனார். உங்கப்பாவுக்கு அதில் பரம திருப்தி. உண்மையான சொந்தக்காரர்னா சாப்பிடத்தானே செய்வார், இல்லேன்னா இது நாடகமா போயிடும் என்றார்.

இந்த வருஷமும் எல்லாம் அப்படியே நடந்தது. வினை ஈஸ்டர் திங்கட்கிழமை வந்தது. நமக்குப் பண்டிகையின் நடு நாட்கள். ஃபாதர் ஃபிண்டன் தேநீருக்கு வந்தார், கூடவே புதிதாக வந்திருக்கிற ஃபாதர் ஒபின்னாவையும் கூட்டிக்கொண்டு வந்தார். நைஜீரியாக்காரர், எனுகுவிலிருந்து வந்திருக்கிறார், திருச்சபைச் சட்டம் நடத்துகிறார், முப்பத்தைந்து வயது இருக்கலாம், தங்கமான பிள்ளை, மாவு சேராத என் தேங்காய் மக்கரூன் இனிப்பை ஒன்பது தின்றார். ஃபாதர் ஃபிண்டன் சும்மா இருக்க மாட்டாமல் கழுத்துச் சாவியை ஆட்டிக் காட்டி, அந்த அலமாரி என்னுது தம்பி, உள்ள இருக்கிற அத்தனையும் என் சொந்தச் சொத்து, எட்டு நாளைக்கு நான் பணக்காரன் என்று பீற்றிக்கொண்டார். ஒபின்னா மக்கரூனை வாயில் வைத்தபடியே, கொஞ்சங்கூட விஷமம் இல்லாமல், அது எப்படி ஃபாதர், நாம ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்தவங்களாச்சே, நம்ம பேர்ல எதையும் சொந்தமா வாங்க முடியாதே, என்ன வாங்கினாலும் அது நம்ம துறவியர் இல்லத்துக்குத்தானே போகும் என்றார். அவ்வளவுதான். ஃபாதர் ஃபிண்டன் முகம் சுண்டிப்போயிற்று. உங்கப்பா கோப்பையைக் கீழே வைத்தவர் திரும்ப எடுக்கவேயில்லை.

அவருக்கு வந்த பயம் உனக்கே புரியும். பண்டிகையில் யூதன் சொத்தாக இருந்துவிட்ட புளிப்பை அப்புறம் எந்த யூதனும் தொடக்கூடாது, சாக்கடையில் ஊற்ற வேண்டியதுதான். வாங்கினவருக்கு வாங்கும் உரிமையே இல்லை என்றால் விற்பனையே இல்லை, விற்பனை இல்லை என்றால் பாட்டில் இத்தனை பாஸ்காவையும் நம் சொத்தாகவே தாண்டி வந்திருக்கிறது, அப்புறம் உன் கல்யாணத்தில் எதைத் திறப்பது. போச்சு ஜூடித், எல்லாம் போச்சு என்று தலையில் கை வைத்துக்கொண்டார். மாவு போனா மாவு வாங்கிக்கலாம், இதை எங்க போய் வாங்குவேன், அந்த வருஷத்தை எந்தக் கடையில விக்கிறான் என்றார். நான் வழக்கம்போல ஏதோ நக்கலாகச் சொல்ல வாயெடுத்தேன், அவர் கண்ணைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன். அப்புறம் இரண்டு நாள் புத்தகக் குவியலுக்குள் புகுந்துகொண்டார், சாப்பாட்டை அறைக்குக் கொண்டுபோய் வைத்தேன். மூன்றாம் நாள் மத்தியானம் காலில் செருப்புக்கூட இல்லாமல் ஓடிவந்து, செல்லும், செல்லும், விற்பனை செல்லும் என்று என்னைப் பிடித்துச் சுற்றினார், இந்த முழங்காலை வைத்துக்கொண்டு நான் சுற்றுவதா. அவர் கண்டுபிடித்தது இதுதான். சொந்தக்காரர் ஃபிண்டனா இல்லமா என்பது நம் சட்டத்துக்குக் கவலையில்லை, யூதன் இல்லை என்றால் போதும். ஃபிண்டன் கையால் வாங்கினாலும் இல்லம் வாங்கியதாக ஆகிறது, ஆக பாஸ்கா முழுக்க அது நம்முடையது இல்லை, பாட்டில் சுத்தம்.

அந்தச் சந்தோஷம் சாயங்காலம் வரை நின்றது. ஒபின்னா மக்கரூன் தட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தார், தட்டு நிறைய அவித்த வேர்க்கடலை போட்டுக் கொண்டுவந்தார், வெறும் தட்டைத் திருப்பக்கூடாது என்று அவர் அம்மா சொல்லிக்கொடுத்திருக்கிறாராம், இந்தக் காலத்தில் இப்படி ஒரு பிள்ளை. வேர்க்கடலை நமக்குப் பாஸ்காவில் ஆகாது என்பது அவருக்கு எப்படித் தெரியும், நன்றி சொல்லி மூடி எடுத்து வைத்தேன். உங்கப்பா அவரை வாசலிலேயே நிறுத்தித் தன் கண்டுபிடிப்பைச் சொன்னார். ஒபின்னா சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு, சரிதான் ப்ரொபசர், ஆனா அப்படி இல்லத்துச் சொத்தா ஆயிட்டா ஃபாதர் ஃபிண்டன் தானா திருப்பி விக்க முடியாதே, இல்லத் தலைவர்கிட்ட அனுமதி வாங்கியிருப்பார் இல்லையா என்றார். ஒருவரும் அனுமதி வாங்கவில்லை. ஒரு வருஷமும் வாங்கவில்லை. அப்படியென்றால் என்ன அர்த்தம் என்று பார். நாம் விற்றது மட்டும் செல்லும், திரும்ப வாங்கினது செல்லாது. முதல் வருஷத்திலேயே பாட்டில் துறவியர் இல்லத்துக்குப் போய்விட்டது, அதற்கப்புறம் ஒவ்வொரு பாஸ்காவுக்கும் அவர்கள் சொத்தையே அவர்களுக்கு நாம் விற்றுக்கொண்டிருந்திருக்கிறோம். மிச்ச மாவையும் பிஸ்கட்டையும் வருஷா வருஷம் நாம் தின்று தீர்த்தது என்ன கணக்கு. நூலகத்துப் பென்சில் தவறிப் பைக்குள் வந்துவிட்டால் மழையில் திரும்பிப் போய்க் கொடுக்கிற மனுஷன், திருட்டு மாவுல உனக்குப் பிறந்தநாள் கேக் பண்ணியிருக்கோம்டி என்றார் என்னிடம். சட்டம் கேட்கத் தன் பழைய சிநேகிதர் ரபி ஸேலிக்குக்கு ஃபோன் போட்டார். ரபி சிரித்த சிரிப்பில் ஃபோன் கீழே விழுந்தது எனக்கே கேட்டது, பொறுக்கி எடுத்து, யோவ், ஊர்ல வேற ஆளே கிடைக்கலையா, ஒண்ணுமே வெச்சுக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணினவரைப் பாத்தா வித்தே, சொத்து அவங்களோடது, போய்க் கேளு என்று வைத்துவிட்டார்.

பண்டிகை முடிந்த ராத்திரி வழக்கமாக மாணவர் இல்லத்தில் என்ன ரகளை, மாவு பிசைவதும் பீட்சா சுடுவதுமாக. இந்த வருஷம் மாவெடுக்க வந்த பிள்ளைகள் நம் வீட்டு அலமாரிப் பூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், அப்புறம் கடையிலிருந்து புது மாவு வாங்கிவந்து சமாளித்தோம். அதைவிட எனக்கு வருத்தம் ஃபாதர் ஃபிண்டனைப் பற்றித்தான். சாவியை ஒரு உறையில் போட்டுத் தபால்பெட்டியில் வைத்துவிட்டுப் போயிருந்தார், மணியடித்து உள்ளே வரவில்லை. நானே தேடிப் போனேன். தோட்டத்தில் உட்கார்ந்திருந்தார். எழுபத்தாறு வயசுல வெக்கமா இருக்கு ஜூடித், ஒரு அலமாரி பிஸ்கட்டுக்கு ஆசைப்பட்டிருக்கேன், அதுவும் என்னுதில்லையாம் என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது, ஆனால் அழுதால் அவரும் அழுவார் என்று, அந்த நூடுல்ஸ் எல்லாம் உங்களைத்தான் கேக்குதுங்க என்று சொல்லிவிட்டு வந்தேன். பாதிதான் சிரித்தார்.

போன வியாழக்கிழமை உங்கப்பா தன் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு ஃபாதர் கஸிமிரைப் பார்க்கப் போனார், தனியாகப் போகப் பயந்து என்னையும் இழுத்துக்கொண்டு போனார். இல்லத்துச் சாப்பாட்டு அறையில் நீள மேசைக்கு அந்தப் பக்கம் ஃபாதர் கஸிமிர், ஃபிண்டன், ஒபின்னா, இந்தப் பக்கம் நாங்கள். உங்கப்பா ஒரு கொலையை ஒப்புக்கொள்கிறவர் மாதிரி முழுக்கதையையும் சொன்னார். ஃபாதர் கஸிமிர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கடைசியில், சபைச் சொத்தைக் கண்ணால பாக்காம நான் என்ன முடிவு பண்றது, கொண்டு வாங்க என்றார். உங்கப்பா வீட்டுக்கு ஓடிப்போய் பாட்டிலைத் துண்டில் சுற்றி, உன்னை ஆஸ்பத்திரியிலிருந்து தூக்கிவந்தாரே, அதே மாதிரி நெஞ்சோடு அணைத்துக் கொண்டுவந்தார். ஃபாதர் கஸிமிர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், சாய்த்துப் பார்த்தார், வேதியியல்காரர் அல்லவா. நல்ல சரக்கு என்றார். இத்தனை வருஷமா எங்க சொத்தை ஒரு சொட்டு குறையாம வெச்சிருந்திருக்கீங்க, எங்க ஆளுங்ககிட்ட இருந்திருந்தா முதல் குளிர்காலத்தையே தாண்டியிருக்காது என்றார். மாவும் பிஸ்கட்டும் சாப்பிட்டதற்குக் கணக்கில்லை, வெள்ளிக்கிழமை மீனுக்குச் சரியாகப் போயிற்று என்றார். அடுத்த வருஷத்திலிருந்து ஃபாதர் ஃபிண்டன் இல்லத்தின் பேரில் முறையாக அனுமதியோடு வாங்கலாம், விற்கலாம், சாவியும் அவரிடமே இருக்கட்டும் என்றார். ஃபிண்டனின் கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று. பிறகு பாட்டிலைக் காட்டி, இதை விக்கிறதா இல்லை, விக்கணும்னா ஆலோசனைக் குழு, கையெழுத்து, அது இதுன்னு இழுக்கும், இதை எங்க இல்லத்திலிருந்து உங்க பொண்ணுக்குக் கல்யாணப் பரிசா குடுத்துடறோம் என்றார். நான் முகம் மலர்ந்தேன். உங்கப்பா காதோரம் சிவந்துவிட்டது. நான் வாங்கினதை இவங்க பரிசா குடுக்கிறாங்களாம் என்று என் காதில் முணுமுணுத்தார், நான் முழங்கையால் ஒரு இடி இடித்தேன்.

இனிமேல்தான் நீ கவனமாகப் படிக்க வேண்டும். ஃபாதர் கஸிமிர் பாட்டிலை மேசை மேல் உங்கப்பா பக்கமாகத் தள்ளி, பொண்ணு தூரத்துல இருக்கா இல்லையா, அவளுக்காக நீங்களே வாங்கிக்குங்க ப்ரொபசர், அனுப்பி வைங்க என்றார். ஒருவருக்கு நன்மையானதை அவருக்குத் தெரியாமலே அவர் சார்பில் இன்னொருவர் வாங்கிக்கொள்ளலாம், நம் சட்ட நூலான தல்மூத் வகுப்பில் முதல் மாதமே உங்கப்பா நடத்துகிற பாடம், நீ பள்ளிக்கூடம் போயிருக்கும்போது உனக்கு வந்த பரிசையெல்லாம் அந்தச் சட்டத்தைச் சொல்லித் தானே வாங்கி ஒளித்துவைத்தவர்தான். கையை நீட்டினால் பாட்டில் அவருடையது. அவர் கையை நீட்டவில்லை. இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அப்புறம் ரொம்ப மெதுவாக, எங்க சட்டப்படி அது முடியாது ஃபாதர், வாங்குறவங்க கை தொடணும், அவளே வந்து வாங்கினாத்தான் செல்லும் என்றார். ஒபின்னா இந்தப் பருவம் முழுக்க அவர் வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டவர், ஆனா ப்ரொபசர், நீங்க என்று ஆரம்பித்தார். மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன். பாவம், செருப்புதான் போட்டிருந்தார். ஃபாதர் கஸிமிர் உங்கப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உங்க சட்டம் உங்களுக்குத்தானே தெரியும், அப்ப இங்கேயே இருக்கட்டும் என்று எழுந்து போய்ச் சாப்பாட்டு அறை அலமாரியில் வைத்தார். அறையை விட்டு வரும்போது எல்லா விளக்கையும் அணைத்தார், அந்த அலமாரி மேலிருந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டார்.

நம் வீட்டுக் கேட்டருகில் வந்ததும் உங்கப்பா, நான் சொன்னது சரிதானே என்று கேட்டார். முப்பத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் அன்றுவரை அவர் சட்டத்தில் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை, சட்டத்துக்காக என்னோடு எத்தனை சண்டை போட்டிருக்கிறார் என்று உனக்கே தெரியும். சரிதான் என்றேன். சரி என்று சொல்லிவிட்டுக் கேட்டைத் திறந்தார்.

என் வாக்கை நான் மீறவில்லை, கண்ணு. கல்யாணம் எங்கே என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உன் அப்பாவும் கேட்க மாட்டார், உன் முடிவு உன்னுடையது என்று சொல்லிவிட்டுப் போய் உன் பழைய அறையின் ஜன்னலைத் துடைப்பார், அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். சட்டம் என்ன என்று உனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். அப்பா, எனக்காக நீங்களே வாங்கிக்கோங்க என்று நீ ஒரு வரி எழுதிவிட்டால், அதற்கப்புறம் அவரால் மறுக்க முடியாது, வாங்கிப் பெட்டியில் வைத்து உனக்கு அனுப்பிவிடுவார், பத்திரமாக வந்து சேரும். அந்த வரியை எழுதுவதும் எழுதாததும் உன் இஷ்டம்.

நீயும் கிடியனும் ஆபிரகாம் சாரா போல நிறைந்து வாழுங்கள், கையில் எடுத்ததெல்லாம் துலங்கட்டும், சண்டை வந்தால் சாப்பிட்டுவிட்டுப் போடுங்கள். குளிர் வருகிறதாம் அங்கே, அந்தப் பச்சைக் கம்பளிச் சட்டையைப் பெட்டியிலிருந்து எடு. காதை மூடாமல் வெளியே போகாதே.

என்றும் உன் நினைவாக,
அம்மா ஜூடித்